வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி

எதிர் புளோக்கின் ஒன்பதாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். யாரென்று தெரியாது, முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் வேட்டியை மூங்கில் கழியில் போட்டு, கிளிப் மாட்டி, ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவார். சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் சமையலறைக்கு நேர் எதிரே. இருபது வருடமாகப் பார்க்கிறேன். போன அக்டோபரில்தான் அது என்னைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைத் துணி. இரண்டும் வேறு வேறு என்று கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?

நான் வேலை பார்த்துக்கொண்டே நீர்வண்ணத்தில் படம் வரைகிறவள். “படத்துக்கு ஐடியா எங்கேருந்து வருது?” என்று அலுவலகத்தில் கேட்பார்கள். இப்படித்தான் வருகிறது. அழகான இடம் என்று தேடிப் போய் வரைந்ததெல்லாம் எனக்குக் காலண்டர் படமாகத்தான் முடிந்திருக்கிறது. தேக்காவில், கெர்பாவ் ரோட்டில் இருக்கும் டான் டெங் நியா வீட்டை, பல வண்ணம் பூசிய அந்தப் பழைய சீன வீட்டை, மூன்று முறை வரைந்தேன். மூன்றும் மட்டம். பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு எல்லாம் ஏற்கெனவே சுவரிலேயே இருக்கிறது. நான் போய்ச் செய்ய அங்கே என்ன வேலை? வரையத் தெரியாத ஒன்றைப் பார்த்து எரிச்சல் வர வேண்டும். அப்போதுதான் கை தூரிகையைத் தேடும்.

2013 ஜூனில் புகைமூட்டம் வந்ததே, 21ஆம் தேதி காற்றுத்தரக் குறியீடு 401 வரை ஏறியது. அன்றைக்கு எதிர் புளோக்கே இல்லை. கழிகளில் ஒரு துணி கிடையாது. ‘கண்ணுக்குத் தெரியாத கட்டடத்தை எப்படி வரைவது’ என்று மாஸ்க்கோடு உட்கார்ந்து முயன்றேன். தாளை முழுக்க நனைத்து, அழுக்கு மஞ்சளும் சாம்பலுமாகக் கரையவிட்டு, ஜன்னல் ஓரங்களை மட்டும் கொஞ்சம் தொட்டேன். என் படங்களில் இன்றைக்கும் எனக்குப் பிடித்தது அதுதான். வீட்டுக்காரர் அதைத் தலைகீழாக மாட்டி வைத்து ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை என்பது வேறு கதை.

சரி, வேட்டிக்கு வருவோம். முதலில் பெரிய தாளைத் தொடவே மாட்டேன். மின்கட்டணம் வந்த பழைய உறைகளின் பின்பக்கம், தீப்பெட்டி அளவுக்குப் பென்சிலில் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே மூன்று. இதற்கு இருபத்தாறு உறை ஆனது. எல்லாவற்றிலும் வேட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டது.

விடை காலை பத்து மணிக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில் சுவர் இன்னும் நிழலில் இருக்கிறது, வெளியே நீட்டிய கழியில் மட்டும் வெயில் விழுகிறது. அப்போது சுவர் வெள்ளையே அல்ல, நல்ல நீலச் சாம்பல். மூளைதான் ‘அது வெள்ளைச் சுவர்’ என்று ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்து, பயந்துகொண்டே ஒரு படி அழுத்தமாகச் சுவரைப் போட்டேன். வேட்டிக்கு ஒன்றும் போடவில்லை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்றால் தொடாமல் விட்ட தாள்தான். சிங்கப்பூர் ஆற்றை வரைந்த லிம் செங் ஹோவின் படங்கள் முன் நின்றபோதெல்லாம் நான் பார்த்ததும் அதைத்தான், அவர் தொடாமல் விட்ட இடங்களை. அவரும் வேலை பார்த்துக்கொண்டே தானாக வரையக் கற்றவர். 1969இல் இங்கே நீர்வண்ண ஓவியர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர்.

இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்துக் கழியில் யாரோ சிவப்புப் போர்வை போட்ட நாளில் வேட்டியின் ஒரு ஓரம் லேசாக ரோஜா நிறம் ஆகியிருந்தது. அந்த ரோஜாவைத் தாளில் தொட்ட பிறகுதான் படத்தில் துணி காற்றில் அசைந்தது.

நடுவில் ஒரு படம் பாழ். நல்ல பருத்தித் தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம், கட்டிலுக்கு அடியில் இரண்டு வருடம் வைத்துவிட்டேன். தண்ணீரை உடனே குடித்துவிடாமல் இருக்க அந்தத் தாளில் ஜெலட்டின் பூச்சு இருக்கும். நம் ஊர் ஈரத்துக்கு அது செத்துப்போயிருந்தது. போட்ட நீலம் ஊறுகாய் எண்ணெய் மாதிரி திட்டுத் திட்டாக இறங்கியது. இப்போது தாளெல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. அரிசியைக்கூட நான் அவ்வளவு பத்திரமாக வைப்பதில்லை.

அப்புறம் ஜனவரியில் நகர மன்றத்திலிருந்து நோட்டீஸ். புளோக்குகளுக்கு வண்ணம் பூசுகிறார்கள், கழிகளை உள்ளே எடுத்து வைக்கவும். எதிர் புளோக் சந்தன நிறமாகிவிட்டது. இனி அந்த வேட்டியை யார் வேண்டுமானாலும் வரையலாம்.

போன வாரம் எங்கள் புளோக்கின் முறை. எட்டாவது மாடியில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே கோண்டோலா, வண்ணம் பூசுகிறவர்கள் நிற்கும் தொங்கு மேடை, வந்து நின்றது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், கையில் ரோலர். மேசையில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தான்.

“அக்கா, வேட்டிக்கு மட்டும் அடிக்காம விட்டுட்டீங்களே?”

“அது பேப்பர் தம்பி. அடிச்சா வெள்ளை போயிடும்.”

“நாங்க அப்படி விட்டா சூப்பர்வைசர் விடமாட்டாரு” என்று சிரித்தான்.

சுவர் ஏன் இரண்டு நிறமாகத் தெரிகிறது என்று கேட்டேன். “ஈரத்துல வெளுப்பாத் தெரியும்க்கா. காஞ்சா அழுத்தமாயிடும்.” எனக்கு நேர்மாறு, காய்ந்தால் வெளுக்கும் என்றேன். அவன் நம்பவில்லை. ஓர் உறையில் நீலத்தை ஒரு தீற்று தீற்றி ஜன்னலில் வைத்தேன். கோண்டோலா ஏழாவது மாடிக்கு இறங்குவதற்குள் காய்ந்துவிட்டது. கீழிருந்து அண்ணாந்து பார்த்து, “அட, ஆமாக்கா!”

அவன் போன பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சுவரைப் பார்த்தேன். ஒரே வண்ணம்தான், மேலே காய்ந்தது, கீழே ஈரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நாலு நாளாக அந்தக் கோட்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பதினோரு உறை ஆகிவிட்டது.