யூரோ டிக்கெட்டும் டாலர் கணக்கும்

அக்காவும் அத்தானும் என்னிடம் வந்து போவதற்கான விமான டிக்கெட்டை நானே எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அவர்கள் இருப்பது யூரோ புழங்கும் நாட்டில். என்னிடம் இருந்ததோ டாலர். வெளியிலிருந்து வந்த ஒரு வேலைக்கான கூலி, பல நாணயங்களை வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்றில் சும்மா கிடந்தது. டாலரில் விலை பார்த்து, டாலரிலேயே கட்டி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் ‘எந்த நாணயத்தில் கட்டுவது’ என்பதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பது தெரிந்தது. விமான நிறுவனம் எந்த நாணயத்தில் விற்கிறது என்பது ஒன்று. அதை என் நாணயத்துக்கு மாற்றும் வேலையை யார் செய்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதில் நமக்குப் பெரிய பிடி கிடையாது. இரண்டாவதில்தான் பணம் மிச்சமாவதும் கரைவதும்.

விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் தளத்தில் டாலரைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் அழகாக டாலரில் வந்தது. அங்கிருந்து விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போனதும் யூரோவாகிவிட்டது. ஒப்பீட்டுத் தளம் காட்டும் டாலர் பெரும்பாலும் ஒரு தோராயக் கணக்குதான். அந்தத் தொகைக்கு யாரும் டிக்கெட் விற்பதில்லை. சரி, நிறுவனத்தின் தளத்திலேயே மேல் மூலையில் நாட்டையும் மொழியையும் மாற்றும் இடம் இருக்கிறதே என்று அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தேன். முகப்புப் படம் மாறியது, சலுகை விளம்பரங்கள் மாறின, தேதி எழுதும் முறைகூட மாறியது. விலை மட்டும் யூரோவிலேயே நின்றது. இன்னொரு நிறுவனத்தில் நாட்டை மாற்றியதும் டாலர் வந்தது. ஆனால் பணம் கட்டும் கட்டத்தில், கார்டின் பில் முகவரியும் அந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி நிறுத்திவிட்டது.

எனக்குத் தெரிந்த டிராவல் ஏஜென்ட் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு இது தினமும் வரும் கேள்வி போல. “சார், நீங்க எங்க உட்கார்ந்து வாங்கினாலும் பயணம் எந்த நாட்டுல தொடங்குதோ அந்த நாட்டுக் காசுலதான் கட்டணமே போட்டு வச்சிருப்பாங்க. நீங்க டாலர்ல கேட்டா, அதை மாத்திச் சொல்லுவாங்க, அவ்வளவுதான்” என்றார்.

பன்னாட்டுப் பயணக் கட்டணங்களில் இதுதான் அடிப்படை வழக்கம். நிலையில்லாத நாணயம் உள்ள சில நாடுகளில் கட்டணத்தை டாலரிலேயே வைத்திருப்பார்கள். மற்றபடி புறப்படும் நாட்டின் நாணயம்தான். வெவ்வேறு நாணயங்களில் இருக்கும் கட்டணத் துண்டுகளைச் சேர்த்துக் கூட்டுவதற்காக, விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா என்யூசி என்று ஒரு பொது அலகை வைத்திருக்கிறது. கையில் பிடிக்க முடியாத, கணக்குக்கு மட்டுமான காசு அது. ஒரு என்யூசி ஒரு டாலருக்குச் சமம். அதை உள்ளூர் நாணயத்துக்கு மாற்றும் விகிதத்தை ஆர்ஓஇ என்பார்கள். அதையும் ஐயாட்டாதான் வெளியிடுகிறது. இ-டிக்கெட்டின் அடியில் ஊர்களின் குறியீடும் எண்களும் இடைவெளியே இல்லாமல் நீளும் ஒரு வரி இருக்குமே, யாரும் படிக்காத வரி, அதன் கடைசியில் இந்த இரண்டும் இருக்கும்.

போய்வரும் டிக்கெட் என்றால் திரும்பும் பயணத்துக்கும் அதே நாணயம்தான் என்பதையும் ஏஜென்ட்தான் சொன்னார். தனித்தனியாக இரண்டு ஒருவழி டிக்கெட் எடுத்தால், திரும்பும் டிக்கெட் என் பக்கத்து நாணயத்தில் வரும். அப்படியும் பார்த்தேன். பெரிய விமான நிறுவனங்களில் நெடுந்தூர ஒருவழிக் கட்டணம் போய்வரும் கட்டணத்தில் பாதியாக இருப்பது அபூர்வம். சில சமயம் முழுக் கட்டணத்தையே நெருங்கிவிடுகிறது. நாணயத்தில் மிச்சப்படுத்தப் போய்க் கட்டணத்தில் இழப்பதில் அர்த்தமில்லை என்று விட்டுவிட்டேன்.

வாங்குபவரின் நாணயத்தில் ஏன் விலை போடக்கூடாது என்ற கேள்வி எனக்கு மட்டும் வந்ததில்லை. ஜெர்மனியில் இருந்த ஒருவர் லண்டனிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு ஜெர்மன்விங்ஸ் என்ற விமான நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தில் டிக்கெட் எடுக்க, விலை பவுண்டில் மட்டும் வந்தது. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, அது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. யூரோவில்தான் காட்ட வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஆனால் புறப்படும் நாடு, போய்ச் சேரும் நாடு என்பது போல அந்தப் பயணத்தோடு உண்மையிலேயே தொடர்புள்ள நாணயமாக இருக்க வேண்டும் என்று 2018 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வாங்குபவரின் வசதி அந்தக் கணக்கில் வரவில்லை. இதைப் படித்த பிறகு டாலரில் விற்கும் தளத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு, இரண்டாவது கேள்விக்கு வந்தேன்.

நான் எடுக்க நினைத்த டிக்கெட்டின் பணம் கட்டும் பக்கத்தில் கார்டு எண்ணைப் போட்டதுமே அது என்ன நாணயக் கார்டு என்று தளத்துக்குத் தெரிந்துவிட்டது. முதல் சில இலக்கங்களே வங்கியைக் காட்டிக் கொடுத்துவிடும். உடனே எண்ணுக்குக் கீழே ஒரு பெட்டி முளைத்தது. மேல் வரியில், தடித்த எழுத்தில் டாலர் தொகை. பக்கத்தில் ‘உத்தரவாதமான விகிதம், பிறகு எந்த மாற்றமும் இல்லை’ என்று ஆறுதல் வாசகம். அந்த வட்டம் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தது. கீழே, மெல்லிய சாம்பல் எழுத்தில் ‘யூரோவில் செலுத்துகிறேன், விகிதத்தை என் வங்கி தீர்மானிக்கும்’. அந்த ‘வங்கி தீர்மானிக்கும்’ என்பதைப் படித்தாலே ஏதோ வம்பை விலைக்கு வாங்குவது போல இருக்கும். எழுதியவரின் நோக்கமும் அதுதான். நான் தேடியலைந்த டாலர் கடைசியில் தானாகவே தேடி வந்திருந்தது. ஆனால் என்ன விகிதத்தில் என்பதைப் பார்க்க ஒரு சின்ன ஆங்கில ‘ஐ’ எழுத்தைத் தொட வேண்டியிருந்தது.

கணக்குக்காக ஆயிரம் யூரோ என்று வைத்துக்கொள்வோம். கார்டு நிறுவனங்களான விசாவோ மாஸ்டர்கார்டோ அன்றைக்கு ஒரு யூரோவுக்கு 1.10 டாலர் என்று மாற்றினால் 1,100 டாலர். அந்தப் பெட்டியின் விகிதம் 1.15 என்றால் 1,150. வங்கி அந்நிய நாணயக் கட்டணமாக 2 சதவீதம் எடுத்தாலும் முதல் வழியில் 1,122தான் ஆகிறது. 28 டாலர் வித்தியாசம், அதுவும் ஒரு டிக்கெட்டுக்கு. அந்தக் கூடுதல் காசை நாணயத்தை மாற்றித் தரும் நிறுவனமும் விற்பவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். எல்லாப் பெட்டியும் மோசம் என்று சொல்லமாட்டேன். வங்கி 3 சதவீதம் எடுக்க, பெட்டியின் விகிதம் 2 சதவீதம் மட்டும் கூடுதலாக இருந்தால் பெட்டியே மேல். கணக்குப் போட்டால்தான் தெரியும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே தங்கள் விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் பக்கத்தை எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கின்றன; வங்கியின் சதவீதத்தையும் அங்கேயே சேர்த்துப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து, இப்படி நாணயம் மாற்றித் தருபவர்கள் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று காட்ட வேண்டும் என ஒரு விதியும் இருக்கிறது. அந்த எண் திரையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இதில் இன்னொரு உள்குத்தும் உண்டு. தொகை உங்கள் நாணயத்திலேயே இருந்தாலும், விற்பவர் வேறு நாட்டில் பதிவானவர் என்றால் சில வங்கிகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தை எடுத்துவிடும். அதாவது பெட்டிக்காரரிடம் ஒரு முறை, வங்கியிடம் ஒரு முறை என்று இரண்டு இடத்தில் அழ வேண்டியிருக்கும். என்னுடைய வழக்கமான வங்கிக் கார்டின் கட்டணப் பட்டியலில் இது தெளிவாகவே எழுதியிருந்தது, வழக்கம் போலக் கடைசிப் பக்கத்தில்.

நான் கடைசியில் செய்தது எளிமையானது. பல நாணயக் கணக்கில் டாலரிலிருந்து டிக்கெட்டுக்குத் தேவையான அளவை முன்கூட்டியே யூரோவாக மாற்றிக்கொண்டேன். எவ்வளவு கட்டணம், என்ன விகிதம் என்பதை உறுதி செய்யும் முன்பே அங்கே பார்க்க முடிந்தது. வார நாளில் செய்தேன். சந்தை மூடியிருக்கும் சனி, ஞாயிறில் இத்தகைய கணக்குகள் சிலவற்றில் கூடுதலாக ஒரு சதவீதம் எடுப்பார்கள். கொஞ்சம் அதிகமாகவே மாற்றி வைத்தேன். யூரோ இருப்பு போதவில்லை என்றால் மொத்தத் தொகையையும் வேறு நாணயத்திலிருந்து எடுக்கும் கணக்குகள் உண்டு, அப்போது செய்த வேலையெல்லாம் வீண்.

அப்புறம் அந்தக் கணக்கின் கார்டால் கட்டினேன். இந்தத் தடவையும் பெட்டி முளைத்தது. கணக்கில் யூரோ இருப்பது தளத்துக்குத் தெரியாது; கார்டு டாலர் கார்டாகப் பதிவாகியிருந்ததால் டாலரையே நீட்டியது. கீழே இருந்த சாம்பல் வரியைத் தேர்ந்தெடுத்தேன். ஓடிபி வந்து, சக்கரம் சுற்றி, திரும்பி வந்த பக்கத்தில் தேர்வு மறுபடி டாலருக்கே போயிருக்கிறதா என்று பார்த்தேன். போகவில்லை. முதல் முயற்சி தோல்வியாகிப் பக்கம் மறுபடி திறந்தால் தேர்வு பழைய நிலைக்கே போய்விடலாம் என்று ஏஜென்ட் எச்சரித்திருந்தார்.

கணக்கில் இரண்டு வரிகளாகப் பிடித்தார்கள், ஆளுக்கு ஒன்று. ஒரே முன்பதிவு என்றாலும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனி எண், தனிப் பற்று என்பது சகஜம். இரண்டும் யூரோ, திரையில் பார்த்த அதே தொகை. இதே டிக்கெட்டைச் சாதாரண டாலர் கார்டில் யூரோவாகக் கட்டியிருந்தால், முதலில் நிறுத்தி வைக்கும் தொகையும் சில நாள் கழித்து உறுதியாகும் தொகையும் கொஞ்சம் மாறியிருக்கலாம். சில கார்டுகளில், கார்டு நிறுவனம் பரிவர்த்தனையைக் கையாளும் நாளின் விகிதம் எதுவோ அதுதான் கடைசியில் செல்லும். ஏமாற்றிவிட்டார்கள் என்று வங்கியோடு சண்டைக்குப் போகத் தேவையில்லை.

டாலர் அடையாளத்தைப் பற்றி ஒன்று. ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாவற்றுக்கும் அதே குறிதான். ஒரு தளத்தில் விலை நம்ப முடியாத அளவுக்கு ஏறியிருக்கிறதே என்று பார்த்தால் அது கனடா டாலர். யுஎஸ்டி, சிஏடி என்று மூன்றெழுத்துக் குறியீடு எழுதியிருக்கும் இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நான் இப்போது தொகையையே நம்புகிறேன்.

இவ்வளவு மெனக்கெட்டதன் பலன் நான் எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. அத்தானுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவருடைய டிக்கெட்டை மட்டும் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. ரீஃபண்ட் பொதுவாக எந்த நாணயத்தில் பிடித்தார்களோ அதே நாணயத்தில், அதே கார்டுக்குத்தான் வரும். வரும்போது மாற்ற வேண்டியிருந்தால் வந்த நாளின் விகிதம். கட்டிய நாளில் இருந்த விகிதத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொண்டு தரமாட்டார்கள். வங்கி எடுத்த கட்டணம் திரும்பி வரும் என்றும் எண்ண முடியாது. முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டில்கூட இப்படி மாற்றி மாற்றியே ஒரு பகுதி காணாமல் போய்விடும். எனக்கு ரத்துக் கட்டணம் போக மீதி யூரோவாக வந்து யூரோ இருப்பிலேயே உட்கார்ந்தது. கழித்தது ரத்துக் கட்டணம் மட்டுமே என்பதை இ-டிக்கெட்டையும் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் வைத்து, காசு பிசகாமல் சரிபார்க்க முடிந்தது.

பணமாகத் தராமல் பயண வவுச்சராகத் தருவதாகவும் ஒரு வாய்ப்பைக் காட்டினார்கள், கொஞ்சம் கூடுதல் மதிப்போடு. நான் எடுக்கவில்லை. வவுச்சரும் யூரோவில்தான் இருக்கும், ஒரு வருடத்துக்குள் செலவழிக்க வேண்டும், அடுத்த பயணம் எங்கிருந்து தொடங்குமோ தெரியாது. வந்த யூரோவை மறுபடி டாலராக மாற்றாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். அக்கா இப்போதே திரும்பும் தேதியை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கட்டணமும் யூரோவில்தான் வரும்.