பேய்க்கு ஃபிளாஷ்பேக் எங்கே?

ஹாலிவுட் இயக்குநர் ஜான் கார்பென்டரின் 'பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' (1987) படத்தைச் சேலத்தில் யாருக்காவது பரிந்துரைத்தால், பார்த்துவிட்டு வந்து அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எல்லாம் சரி, பேய்க்கு என்ன ஃபிளாஷ்பேக்?"

நியாயமான கேள்வி. நம்மூர்ப் பேய்ப் படத்தில் இடைவேளை முடிந்ததும் பேயின் முன்கதைக்கென்று இருபது நிமிடம் ஒதுக்கியிருப்பார்கள். கொன்றது யார், சொத்துக்காகவா காதலுக்காகவா என்று தெரிந்ததும் நமக்குப் பயம் விட்டுப்போய், "ஐயோ பாவம்" வந்துவிடும். கிளைமாக்ஸில் பேய் ஜெயிக்க வேண்டும் என்று நாமே வேண்டிக்கொள்வோம். கார்பென்டர் படத்தில் தீமைக்கு முன்கதையே கிடையாது. அதற்குப் பதிலாக அதற்கு ஒரு கொள்ளளவு, ஒரு வயது, சில சமன்பாடுகள் உண்டு. பேயைப் பரிசோதனைக் கூடத்துக்குச் சாம்பிள் அனுப்புவதுபோல் நடத்துகிற படம் இது. பிடித்தவர்களுக்கு இதனால்தான் பிடிக்கிறது, பிடிக்காதவர்களுக்கும் இதனால்தான் பிடிக்கவில்லை.

இனி முடிவு உட்பட முழுக்கதையும் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், 102 நிமிடம்தான்.

லாஸ் ஏஞ்சலஸில் கைவிடப்பட்ட ஒரு தேவாலயம். அதன் நிலவறையில் ஓர் உருளை. உள்ளே பச்சைத் திரவம் தானாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதை ரகசியமாகக் காத்துவந்த சபையின் கடைசிப் பாதிரியார் இறந்துபோக, சாவி இன்னொரு பாதிரியார் (டொனால்ட் பிளெசன்ஸ்) கைக்கு வருகிறது. அவர் போவது பேயோட்டுபவரிடம் இல்லை, இயற்பியல் பேராசிரியரிடம் (விக்டர் வாங்). பேராசிரியர் தன் மாணவர்களையும் கருவிகளையும் கட்டில்களையும் அள்ளிக்கொண்டு வார இறுதியில் தேவாலயத்துக்குள் குடியேறுகிறார். பக்கத்திலேயே உள்ள பழைய நூலை மொழிபெயர்த்தால், அது எழுதப்பட்ட காலத்தில் இருக்கவே முடியாத வகைக்கெழுச் சமன்பாடுகள் அதில் இருக்கின்றன. வெளியே தெருவில் வீடற்றவர்கள் அசையாமல் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவராக வருபவர் ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர்.

"ரொம்ப ஸ்லோ" என்பது அடுத்த குற்றச்சாட்டு. பாதி உண்மை. பெயர்கள் ஓடி முடியவே ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகிறது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைச் சும்மா விடவில்லை. ஒரு காட்சி, ஒரு பெயர், ஒரு வகுப்பறை, ஒரு பெயர் என்று துண்டு துண்டாக வெட்டி, அடியில் சின்தசைசர் துடிப்பை நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள் (இசை கார்பென்டரும் ஆலன் ஹோவர்த்தும்). யாரும் யாரையும் துரத்தவில்லை, ஆனாலும் ஏதோ தொடங்கிவிட்டது என்று உடம்புக்குத் தெரிகிறது. உண்மையில் தொய்வு விழுவது பின்பாதியில். திரவம் ஒவ்வொருவர் வாயிலும் பீய்ச்சியடித்து ஆள் மாறிய பிறகு, அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் என்று வழக்கமான ஜோம்பி முற்றுகையாகிவிடுகிறது. அதுவரை அளந்துகொண்டிருந்த படம் அளப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியைத் தூக்குகிறது. அங்கே கொட்டாவி வந்தால் உங்கள் மீது தப்பில்லை. அதற்குள்ளும் ஒரு காட்சி தப்பிக்கிறது: செத்துப்போனவர் இருட்டில் வந்து நின்று எச்சரிக்கை சொல்லிவிட்டு, அப்படியே பூச்சிகளாக உதிர்ந்து விழுவது. படத்தைத் திட்டுகிறவர்களும் அதை மட்டும் மறப்பதில்லை.

'அறிவியல்னு சொல்லி காதுல பூ சுத்துறாங்க' என்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூ எங்கே, நூல் எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் வயது. உருளைக்கு 70 லட்சம் ஆண்டு என்கிறார்கள். பழைய பொருள் என்றதும் நினைவுக்கு வரும் கார்பன்-14 இங்கே எடுபடாது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டு தாண்டினால் எண்ணுவதற்கு மிச்சமே இருக்காது. அதைவிட, 70 லட்சம் என்ற எண்ணைக் கேட்டு வாய் பிளப்பது நம்மூர்க்காரர்களுக்கு அழகில்லை. ஏற்காட்டுக்குப் போகும் 20 கொண்டை ஊசி வளைவிலும் சாலைக்காக வெட்டிய பாறையைப் பார்க்கலாம். புதிதாக உடைந்த முகத்தில் கருநீலம் கலந்த சாம்பல் நிறமும், எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பும் தெரியும். அது சார்னோகைட். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. சாத்தானின் உருளையைவிட முந்நூற்றைம்பது மடங்கு பழையதை உரசிக்கொண்டுதான் சேலம்–ஏற்காடு பஸ் தினமும் போய்வருகிறது. இந்தக் கல்லுக்குப் பெயர் வந்ததும் ஒரு கல்லறையிலிருந்துதான்: கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதியில் இருந்த கல்லை ஆராய்ந்து, டி.எச். ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் இந்தப் பெயரை வைத்தார். தேவாலயம், கல்லறை, ஆராய்ச்சி மூன்றும் கார்பென்டருக்கு முன்பே கூடியாகிவிட்டது.

அடுத்தது கண்ணாடி. ஒவ்வொரு துகளுக்கும் ஓர் எதிர்த்துகள் இருப்பதுபோல் கடவுளுக்கும் ஓர் எதிர்க்கடவுள் உண்டு, அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிறார், திரவம் அவருடைய பிள்ளை, அப்பாவை இந்தப் பக்கம் இழுத்துவரப் பார்க்கிறது என்பது படத்தின் மையம். எதிர்த்துகள் நிஜம். டிராக் 1928-ல் எழுதிய சமன்பாட்டிலிருந்து வந்த பாசிட்ரானை (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) 1932-ல் ஆண்டர்சன் கண்டுபிடித்தார். ஆனால் கிளைமாக்ஸில் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கை வர, பாதிரியார் கோடரியால் கண்ணாடியை உடைக்கிறாரே, கணக்குப் போட்டால் அது தாங்காது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் கை எதிர்ப்பொருளால் ஆனது என்று வையுங்கள். ஒரு கை சுமார் 400 கிராம். அது இந்தப் பக்கத்துப் பொருளில் இன்னொரு 400 கிராமைத் தொட்டு இரண்டும் அழிந்தால், 0.8 கிலோ × ஒளிவேகத்தின் இருமடி, அதாவது சுமார் 1.7 கோடி டன் டி.என்.டி. ஹிரோஷிமா குண்டு 15,000 டன் அளவுதான். பாதிரியார் கோடரியைத் தேடவே நேரம் இருந்திருக்காது. லாஸ் ஏஞ்சலஸே இருந்திருக்காது.

அதே சமயம், கண்ணாடியைப் பிடித்ததில் கார்பென்டர் குருட்டாம்போக்கில் ஒரு நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். கண்ணாடியில் தெரியும் உலகமும் நம் உலகமும் ஒரே விதிப்படிதான் இயங்கும் என்று இயற்பியலாளர்கள் வெகுகாலம் நம்பினார்கள். 1957-ல் சியென்-ஷியுங் வூவின் கோபால்ட்-60 சோதனை அதை உடைத்தது. ஒரு வகை அணுக்கருச் சிதைவில் இயற்கை இடது வலது பார்க்கிறது. அந்தச் சிதைவுக்கான கோட்பாட்டை அதே காலத்தில் மார்ஷக்குடன் சேர்ந்து உருவாக்கியவர் ஈ.சி.ஜி. சுதர்சன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்.

அவரே இன்னொரு முறையும் இந்தப் படத்துக்குள் வருகிறார், பெயர் சொல்லாமல். தேவாலயத்தில் தூங்கும் எல்லோருக்கும் ஒரே கனவு வருகிறது. அது கனவில்லை, 1999-லிருந்து டாக்கியான்கள் வழியாக நம் மூளைக்கு அனுப்பப்படும் எச்சரிக்கை. ஒளியைவிட வேகமான துகள்கள் சார்பியலோடு முரண்படாமல் இருக்க முடியும் என்று பிலானியுக், தேஷ்பாண்டே இருவரோடு சேர்ந்து 1962-ல் எழுதியவர் சுதர்சன்தான். 'டாக்கியான்' என்ற பெயர் 1967-ல் ஜெரால்ட் ஃபைன்பெர்க் வைத்தது. இன்றுவரை அப்படி ஒரு துகளும் அகப்படவில்லை. ஆனால் அகப்பட்டால் அதை வைத்து இறந்த காலத்துக்குச் சேதி அனுப்பலாம் என்ற வாதம் இயற்பியலிலேயே உண்டு. படம் கட்டிவிட்ட கதை இல்லை அது. '1999 போய் எவ்வளவு நாளாச்சு, எக்ஸ்பயரி ஆன பயம்' என்று சிரிப்பவர்கள் கதையைச் சரியாகப் பிடிக்கவில்லை: சேதி வருவது நடந்ததை மாற்றத்தான், நாம் பத்திரமாக உட்கார்ந்து சிரிக்கிறோம் என்றால் அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

மத நம்பிக்கை உள்ளவர்களின் வருத்தம் வேறு. கிறிஸ்து வேற்றுலகத்திலிருந்து எச்சரிக்க வந்தவர், சபைக்கு உண்மை தெரிந்தும் மறைத்தது என்று படம் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது. புண்படுபவர்களிடம் 'சும்மா படம்தானே' என்பது மரியாதை இல்லை. கவனிக்க வேண்டியது, இது எந்தச் சபையின் போதனையும் இல்லை என்பது. கிறிஸ்தவத்தில் சாத்தான் படைக்கப்பட்டவன், கடவுளுக்குச் சமமான எதிராளி கிடையாது. ஒளிக்குச் சமமாக இருள் என்ற கணக்கு மூன்றாம் நூற்றாண்டில் மானி தொடங்கிய மதத்தைச் சேர்ந்தது. புனித அகஸ்டின் ஒன்பது ஆண்டு அதில் இருந்துவிட்டு வெளியேறி, பிறகு அதை எதிர்த்தே பக்கம் பக்கமாக எழுதினார். நமக்கு இதில் வேறொரு உறுத்தல் உண்டு. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் பொன் வில்வ மாலையும் வெற்று வெளியும்தான். ஒன்றும் இல்லாததுதான் அங்கே ரகசியம். இந்தப் பாதிரியாருக்குத் திரைக்குப் பின்னால் ஒன்று இருந்து தொலைக்கிறது. அதைக் கண்டதும் பிளெசன்ஸ் முகத்தில் வருவது பயத்தைவிட வெட்கம். இத்தனை காலம் பிரசங்கத்தில் உருவகமாகச் சொல்லிவந்ததை இப்போது பேராசிரியர் மானிட்டரில் எண்ணாகக் காட்டுகிறார். மதமும் அறிவியலும் மோதுவதாக எழுதுகிறார்கள். படத்தில் இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒன்றாகத் தோற்கின்றன.

செலவு சுமார் 30 லட்சம் டாலர். அந்த நாள் ஹாலிவுட்டுக்கு இது சில்லறை. ஒரே கட்டடம், ஒரே வார இறுதி, தெருவில் பத்து இருபது பேர். வளாகத்துக்குள்ளேயே காடும் அரண்மனையும் போட்டு வருடக்கணக்கில் படமெடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கனம் புரியும். ஏற்காடு ரோட்டில் இன்று அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது.

'பயமே இல்லை' என்பவர்களிடம் கேட்க வேண்டியது எதில் பார்த்தீர்கள் என்பது. கனவுக் காட்சியை வீடியோவில் எடுத்து, டிவியில் ஓடவிட்டு, அந்தத் திரையையே மறுபடி படம்பிடித்தார்கள். மற்றதெல்லாம் ஃபிலிம், அது மட்டும் கோடு விழுந்த, நடுங்கும் வீடியோ. நிஜத்தில் எங்கோ பதிவானதுபோல் தோன்றுவது இந்த வித்தியாசத்தால்தான். டிவியில் மோஷன் ஸ்மூத்திங் ஆனில் இருந்தால் 24 பிரேம் படம் முழுக்க சீரியல்போல் வழவழப்பாகி, வித்தியாசம் செத்துவிடும். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' என்று வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கும். தேடி ஆஃப் செய்யுங்கள்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று ஜூம் போடாதீர்கள். படம் 2.35-க்கு 1 அகலம். 43 அங்குல டிவியில் படத்தின் உயரம் 16 அங்குலம்தான் வரும், உண்மை. ஜூம் போட்டால் இரண்டு பக்கமும் எட்டில் ஒரு பங்கு போய்விடும். தெருவாசிகள் நிற்பதே ஓரத்தில்தான். சத்தமும் அப்படித்தான். அடித் துடிப்பு டிவி ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது, சாதாரண ஹெட்போன் மேல். பிளெசன்ஸ் முணுமுணுப்பார், கனவுக் குரல் கரகரக்கும், சப்டைட்டில் வேண்டும்.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே எடுத்து புரொஜெக்டரில் போடுபவர்களுக்கு: மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் புரொஜெக்டரைப் போட வேண்டும். இல்லையென்றால் ஈசல் முழுக்கத் திரையில் வந்து மொய்க்கும். பூச்சி மொய்க்கும் காட்சிகளில் எது படம், எது ஈசல் என்று தெரியாது (சிலர் வேண்டுமென்றே திறந்து வைக்கலாம்). அறையில் நிலைக்கண்ணாடி இருந்தால் போர்வையால் மூடுங்கள். சாஸ்திரத்துக்காகச் சொல்லவில்லை, திரை வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். இடைவேளை கட்டாயம் வேண்டுமென்றால், மூக்குக்கண்ணாடி போட்ட பெண் தனியாக உருளைப் பக்கம் போவதற்கு முன் விடுங்கள். அதற்குப் பிறகு நல்ல இடம் அமையாது.

ஓடிடியில் பார்த்தால் ஆட்டோபிளேயை முன்பே நிறுத்திவையுங்கள். கடைசிக் காட்சியில் நாயகன் படுக்கையிலிருந்து எழுந்து கண்ணாடியிடம் வருகிறான், விரல் நீள்கிறது, தொடுவதற்கு ஓர் அங்குலம் முன்னால் படம் வெட்டுகிறது. கறுப்புத் திரை. அந்த இடத்தில் செயலி ஏதாவது காமெடிப் படத்தின் டிரெய்லரை மூலையில் ஓடவிட்டால், 102 நிமிடமும் வீண்.