இருபத்தேழாம் பக்கம்

கிருஷ்ணகிரியில் ஏழு ஆட்களை வைத்து ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். ஷெட் போடுவது, கூரை ஷீட் மாற்றுவது, இதுதான் பிழைப்பு. போன ஆடியில் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி கூரை வேலை கொடுத்தது, பதினெட்டு லட்சம். ரேட் பேசி முடித்து, நாற்பது பக்க ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் புரட்டியபடி வந்தேன். தொகை, தேதி, தாமத அபராதம், பணம் எத்தனை நாளில் வரும், நாம் பார்ப்பது அவ்வளவுதானே. சூளகிரி தாண்டியதும் 27-ம் பக்கத்தில் இன்சூரன்ஸ் பற்றி இரண்டு பத்தி கண்ணில் பட்டது. வெளியாளுக்கு அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பாலிசிதான் நம்மிடம் இருக்கிறதே என்று தள்ளிவிடப் பார்த்தேன். என்னவோ தோன்றி, அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து ஏஜென்ட் தம்பிக்கு அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் போன். "அண்ணா, கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்லப்பா."

"போடாதீங்க. பாலிசியை எடுத்துட்டு வாங்க."

ரவுண்டானா பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், என் பாலிசியில் 'இடம்' என்ற கட்டத்தில் பட்டறை முகவரி மட்டும் இருக்கிறது. ஓசூரில் ஷீட் நழுவி யார் தலையிலாவது விழுந்தால் அந்தக் காகிதம் எதற்கும் ஆகாது. இத்தனை வருஷம் வெளிவேலைக்குப் போய் வந்திருக்கிறேன்!

தொகையும் இடித்தது. அவர்கள் கேட்டது ஒரு விபத்துக்கு இரண்டு கோடி. என்னுடையது வருஷம் முழுவதுக்கும் சேர்த்தே ஐம்பது லட்சம். வேலை முடிந்து மூன்று வருஷம் பாலிசியை உயிரோடு வைத்திருக்க வேண்டுமாம்.

எனக்குச் சுத்தமாகப் புரியாதது இன்னொரு வரி. இன்சூரன்ஸ் கம்பெனி நமக்காகப் பணம் கொடுத்துவிட்டால், தப்பு செய்தவரிடம் அதைத் திரும்பக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. தப்பு தங்கள் பக்கம் இருந்தாலும் தங்களிடம் கேட்கக் கூடாது என்று ஓசூர்க்காரர்கள் எழுதியிருந்தார்கள். இதற்கு நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டால், விட்டுக்கொடுப்பது என்னுடையது அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனியின் உரிமை. நாளைக்கு கிளெய்ம் என்று போய் நின்றால், எங்களைக் கேட்காமல் எப்படி விட்டுக்கொடுத்தாய் என்று கையை விரித்துவிட இடம் இருக்கிறது. முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லி, பாலிசியிலேயே எழுதி வாங்க வேண்டும்.

ஆட்களுக்கான இழப்பீட்டு பாலிசி கேட்டது நியாயம். பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் அரசின் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. என் பட்டறைக்குக் கிடையாது. ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு அடிபட்டாலும் வேலை கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்கலாம் என்பது 1923-லேயே வந்த சட்டம். கொடுத்துவிட்டு நம்மிடம் வசூலிப்பார்கள்.

பர்ச்சேஸ் அதிகாரி, "இது எல்லாருக்கும் ஒரே ஃபார்மட் சார்" என்றார். ஃபேக்டரியே கட்டித் தருகிறவருக்கும் ஷீட் மாற்றுகிற எனக்கும் ஒரே அளவா என்று கேட்டேன். இரண்டு நாள் இழுத்து, இரண்டு கோடி ஒன்றானது, மூன்று வருஷம் ஒன்றானது. அந்த உரிமை வரி மட்டும் அசையவில்லை, அதைப் பாலிசியில் சேர்த்து வாங்கினேன்.

பிரீமியமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் என் கையிலிருந்துதான் போனது. ரேட்டைத்தான் ஏற்கெனவே சொல்லித் தொலைத்துவிட்டேனே. இப்போதெல்லாம் இன்சூரன்ஸ் பக்கத்தை முதலில் அனுப்பச் சொல்லி, ஏஜென்ட் தம்பி கணக்குச் சொன்ன பிறகுதான் கொட்டேஷன் அடிக்கிறேன்.