என் இரண்டு காதும் ஒன்றல்ல

என் இடது காதின் துளை வலது காதின் துளையைவிடக் கொஞ்சம் பெரியது. 45 வயதுவரை எனக்கு இது தெரியாது. ஒரு இயர்போன் எட்டு மாதம் என்னிடம் திட்டு வாங்கிய பிறகுதான் தெரிய வந்தது.

நல்ல பெயரெடுத்த இயர்போன்தான். ஆனால் அதில் மிருதங்கம் கேட்டால் உயர்ந்த ஒலி தரும் வலந்தலை மட்டும் ஒலிக்கும், தாழ்ந்த ஒலி தரும் மறுபக்கமான தொப்பி இருக்கிற இடமே தெரியாது. பாடுகிறவர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும். இடது பக்கம் இன்னும் மோசம். சரி, ஏமாந்துவிட்டோம் என்று மேசை இழுப்பறையில் தூக்கிப் போட்டேன். பிறகொரு நாள் வேறு எதையோ தேடும்போது, அதன் டப்பாவில் வந்த சின்ன பிளாஸ்டிக் பை கையில் தட்டுப்பட்டது. உள்ளே, காதுக்குள் நுழையும் முனையில் மாட்டுகிற ரப்பர், பெரியதில் ஒரு ஜோடி, சிறியதில் ஒரு ஜோடி. வேலை இல்லாத நேரம். பெரியதை இடது காதில் மட்டும் மாற்றிப் போட்டேன். தொப்பி வந்துவிட்டது.

அது வேலை செய்கிற விதத்தை யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. இயர்போனுக்குள் இருக்கிற சவ்வு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். பெரிய ஸ்பீக்கர்போல அறைக் காற்றையெல்லாம் அதனால் தள்ள முடியாது. காதுத்துளையில் அடைபட்டிருக்கும் துளிக் காற்றைத்தான் அழுத்தியும் தளர்த்தியும் ஒலியாக்குகிறது. அந்த அடைப்பில் ஓர் இடுக்கு விழுந்தால் போதும், தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். கீச்சென்ற ஒலிகள் மட்டும் மிஞ்சும். உங்கள் இயர்போனில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இல்லை என்று தோன்றினால், பாட்டு ஓடும்போது விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் பொங்கி வந்தால் இயர்போன்மேல் குற்றமில்லை, ரப்பர் அளவு சரியில்லை. சரியாக உட்கார்ந்திருந்தால் உங்கள் குரலே மண்டைக்குள் முழங்கும். நடந்தால் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் காதுக்குள் தட்டும். அதனாலேயே நடைக்குப் போகும்போது நான் இதைப் போடுவதில்லை. அதற்கு, துளையை அடைக்காமல் காது மடலில் சும்மா தொங்குகிற பழைய மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன். பின்னால் வரும் வண்டிச் சத்தமும் கேட்கும்.

போன மாதம் அக்கா மகன் வந்து, "மாமா, பேஸ் நல்லா இருக்கிற ஹெட்போன் ஒண்ணு சொல்லுங்க" என்றான். "எங்க வச்சுக் கேட்கப்போறே?" என்று கேட்டேன். என்ன ஹெட்போன் என்று கேட்டால் எங்கே என்று கேட்கிறாரே என்பதுபோலப் பார்த்தான். கொஞ்சம் துருவியதில், ராத்திரி படுக்கையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கேட்பானாம். அதற்குள் அவன் மனதில் முடிவு செய்து வைத்திருந்தது காதை முழுதும் மூடுகிற பெரிய ஹெட்போன். அதைப் போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தால் தலையணை அதைக் கழற்றி எறிந்துவிடும்.

பெரிய ஹெட்போனில் இன்னொரு சங்கதி, கண்ணாடி. என்னைப்போல மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் காம்பு பஞ்சுக்கும் தோலுக்கும் நடுவில் புகுந்துவிடும். ஒலி கசிவது ஒருபுறம். காம்பு பொட்டில் அழுத்தி வலிப்பது அதைவிடப் பெரிய தொல்லை. விற்கிற இடத்தில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்தால் எல்லாமே மெத்தைபோலத்தான் இருக்கும். எனக்கு வலி 40-வது நிமிடத்தில் ஆரம்பிக்கும். தெரிந்தவர்களிடம் அதே மாதிரி இருந்தால் ஒரு சாயங்காலம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. பிடி ரொம்ப இறுக்கமாக இருந்தால், தலை அகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் இரவு முழுக்க மாட்டி வைப்பேன். இரண்டு மூன்று இரவில் கொஞ்சம் தளரும்.

வீட்டில் நான் போடுவது பின்புறம் திறந்த ஹெட்போன். சென்ஹைசர் 1968-இல் எச்டி 414 என்ற மாடலில் இப்படி வெளியிட்டது; அன்றைய மூடிய ஹெட்போன்களுக்கு நடுவில் அது புதுசு. காதுக்குக் காற்றோட்டம் உண்டு, வியர்க்காது. பாட்டு தலைக்குள் அடைபடாமல் வெளியே விரிந்து கேட்கும். ஆனால் சத்தம் இரண்டு பக்கமும் ஒழுகும். "உங்க பாட்டு எனக்கும் கேக்குது, கொசு பாடுற மாதிரி" என்று என் மனைவி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள். பஸ்ஸில் இதைப் போடுவது பக்கத்து சீட்டுக்காரருக்குச் செய்கிற பாவம்.

பஸ்ஸுக்கு நாய்ஸ் கேன்சலேஷன் இருப்பதை வாங்கினேன். மைக் வெளிச்சத்தத்தை வாங்கும். அதற்கு நேர் எதிரான அலையை இயர்போன் உண்டாக்கும். இரண்டும் மோதிக் கரையும். போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு இந்த யோசனை வந்தது 1978-இல் ஒரு விமானப் பயணத்தில். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வந்தது 1989-இல். பிறந்த இடம் விமானம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது புரிந்துவிடும். ஒரே சீராக உறுமுகிற தாழ்ந்த சத்தத்தை நன்றாக விழுங்கும்: எஞ்சின், ஏசி, மின்விசிறி. முன் சீட்டுக் குழந்தையின் அழுகையையும் ஹாரனையும் பெரும்பாலும் விட்டுவிடும். அவற்றைத் தடுப்பது அந்த ரப்பர்தான். மறுபடி ரப்பரிலேயே வந்து நிற்கிறோம்.

எஞ்சின் சத்தம் அடங்கினால் வால்யூமைக் கூட்ட வேண்டியதில்லை, எனக்கு முக்கியம் அது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற கணக்கு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். கேட்கத் தாராளமாகத் தோன்றும். ஆனால் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிறது. 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 90-ஐத் தொட்டால் 4 மணி. வாரம் முழுவதற்கும் சேர்த்து! முன்பு பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே பாட்டை ஏற்றி ஏற்றி, இறங்கும்போது காதில் ரீங்காரத்தோடு இறங்குவேன். அது பாட்டுக் கேட்ட சுகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தத்தில் ஒரு சூதும் உண்டு. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்து விஞ்ஞானிகள் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியதுதான்: ஒலி குறைவாக இருக்கும்போது நம் காது பேஸைச் சரியாக வாங்குவதில்லை, ஒலி கூடக்கூட பேஸ் தானாக நிறைந்து கேட்கும். அதனால் இரண்டு ஹெட்போனை அடுத்தடுத்துக் கேட்டால் சற்று உரக்கப் பாடுவதுதான் ‘நல்லது’ என்று தோன்றும். நானும் இப்படி ஒன்றை வாங்கிவிட்டு, வீட்டில் சத்தத்தைச் சமமாக வைத்துக் கேட்டபோது பழையதே மேல் என்று உணர்ந்து வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டியில் அச்சடித்த எண்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருப்பார்கள். மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 வரை என்பதே இளவயதுக் கணக்கு. சோதித்துப் பார்த்ததில் எனக்கு 13,000-க்கு மேல் நிசப்தம். மின்தடையைச் சொல்கிற ஓம் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 32 ஓம் என்றால் போன் சுலபமாக இயக்கும். நான் ஆசைப்பட்டு வாங்கிய 300 ஓம் ஹெட்போன், போனில் வால்யூமை முழுதாக வைத்தாலும் அடுத்த தெருவில் பாடுவதுபோல முனகியது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் தனியாக வேண்டுமாம். அலமாரியில் இருக்கிறது.

அப்புறம், ஒயரா புளூடூத்தா? புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளான எஸ்பிசி, ஏஏசி, எல்டேக் இவற்றில் எது மேல் என்கிற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஓடுகிற பஸ்ஸில் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிகிற ஒரே இடம், கணினிக் கூட்டத்தில் அதே ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்தும்போது. போவதற்கும் வருவதற்கும் ஒலியைப் பங்குபோட வேண்டியிருப்பதால் புளூடூத் சட்டென்று தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்கள். கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதை அறியாமல் நல்ல ஹெட்செட்டைப் பழுதென்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஒயரே இல்லாத பட்ஸ் இயர்போனின் உண்மையான ஆயுள் பேட்டரியில்தான் இருக்கிறது. என்னுடையது புதிதில் 5 மணி நேரம் தாங்கியது. இரண்டரை வருடத்தில் 2 மணியைத் தொடவே திணறியது. வலதுதான் முதலில் சாகும், ஏனென்றால் போன் பேச எப்போதும் வலதை மட்டும் எடுப்பேன். பசை போட்டு ஒட்டியிருப்பதால் பிரித்து மாற்றவும் வழியில்லை. ஒயர் இயர்போனும் சாகும்தான், பிளக் பக்கத்தில் ஒயர் ஒடிந்து. ஆனால் கழற்றி மாட்டும் ஒயர் உள்ளதாக வாங்கினால் ஒயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். என்னிடம் அப்படி ஒன்று மூன்றாவது ஒயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கா மகன் கடைசியில், படுத்தால் காதுக்கு வெளியே துருத்தாத சின்ன ஒயர் இயர்போன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து காட்டினான். "ரப்பரை மாத்திப் பார்த்தியா?" என்றேன். "நடுவுல இருக்கிறதுதானே மாமா எல்லாருக்கும்?" என்றான். விடவில்லை. அங்கேயே உட்காரவைத்து, என் கதையைச் சொல்லி, மூன்று அளவையும் இரண்டு காதிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அரை மணி நேரம் ஆயிற்று. அவனுக்கு இரண்டு காதுக்கும் நடுவில் இருக்கிறதுதான் சரி.