சமூக மையத்தின் வழியாகச் சேவைச் சங்கத்தின் உதவியைப் பெற்ற அனுபவம்

வேலை செய்யும் இடத்தில் உயரத்திலிருந்து விழுந்து என் கணவருக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தபோது, எங்கள் மகளுக்குப் பதினைந்து வயது, மகனுக்கு ஒன்பது. அவர் பிறர் துணையின்றி நடக்கப் பல மாதங்கள் ஆகும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். கையிருப்பு மூன்றாம் மாதத்தோடு கரைந்துபோனது. அதே சமயத்தில் மகனின் வகுப்பாசிரியை என்னை அழைத்து, அவன் பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறான் என்றும், கண்ணைப் பரிசோதித்துவிடுவது நல்லது என்றும் சொன்னார். இதே நிலையில் நிற்கும் வேறொரு குடும்பத்துக்குப் பயன்படக்கூடும் என்பதால், நாங்கள் உதவி கேட்டுப் பெற்ற வழியை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் நான் செய்தது தவறான முயற்சி. லயன்ஸ், ரோட்டரி, கிவானிஸ் போன்று, உறுப்பினர்கள் தன்னார்வமாக நடத்தும் ஒரு சேவைச் சங்கத்தின் பெயர்ப் பலகையைப் பலமுறை பார்த்திருந்தேன். அதிலிருந்த முகவரிக்கு, எங்கள் துன்பம் முழுவதையும் நான்கு பக்கங்களில் எழுதி, ‘தங்களால் இயன்ற உதவியைச் செய்யுங்கள்’ என்று முடித்து அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தேன், பகல் நேரத்தில் எடுக்க ஆளில்லை. மனம் கசந்துவிட்டது. அத்தகைய சங்கங்களில் பெரும்பாலும் முழுநேர ஊழியர்கள் இருப்பதில்லை என்பதும், செயலாளராக இருப்பவரும் தம் வேலையை முடித்துவிட்டு மாலையில்தான் சங்கத்தின் கடிதங்களைப் பார்க்கிறார் என்பதும், குறிப்பிட்ட தேவை எதையும் சொல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு செயற்குழுவால் எந்தத் தீர்மானமும் எடுக்க முடியாது என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தன.

எங்கள் பகுதியில் இருந்த சமூக மையத்துக்கு நான் உதவி கேட்டுப் போகவில்லை. மகன் மாலையில் உட்கார்ந்து படிக்க அமைதியான இடம் வேண்டியிருந்தது, அங்கே படிப்பறை இருப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள், அதனால் அழைத்துப் போனேன். மூன்றாம் நாள் ஒருங்கிணைப்பாளர் அம்மையார் என்னிடம் வந்து, “நீங்கள் தினமும் வாசலிலேயே நிற்கிறீர்களே, உள்ளே வந்து உட்காருங்கள், அம்மா” என்றார். அன்று நாங்கள் ஒரு மணி நேரம் பேசினோம். அவர் எந்தப் படிவத்தையும் எடுக்கவில்லை. நான் பேசி முடித்த பிறகு ஒரு தாளில் மூன்று கோடுகள் போட்டு, என் பேச்சிலிருந்த தேவைகளைப் பிரித்து எழுதினார். மையமே செய்யக்கூடியவை ஒரு பக்கம், சேவைச் சங்கங்களிடம் கேட்கத்தக்கவை இன்னொரு பக்கம், இரண்டுக்கும் பொருந்தாதவை மூன்றாவது பக்கம். நான்கு பக்கக் கடிதத்தில் என்னால் செய்ய முடியாததை அவர் அந்த ஒரு தாளில் செய்துவிட்டார். நான் அறிந்துகொண்டவற்றுள் முதன்மையானதாக இதையே சொல்வேன்: சேவைச் சங்கத்திடம் பணமும் தொடர்புகளும் உண்டு, ஆனால் அது மாதத்தில் சில முறை கூடும் அமைப்பு. சமூக மையமோ குடும்பத்தை நாள்தோறும் பார்க்கிறது. முதலில் போக வேண்டிய இடம் மையம்தான்.

மாலை நேரப் படிப்பறையும் பாடத்தில் துணையும் அன்றே கிடைத்தன. மகனின் கண்ணாடிக்கு லயன்ஸ் சங்கத்தார் நடத்தும் கண் பரிசோதனை முகாமை ஒருங்கிணைப்பாளர் சொன்னார். 1925இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த அவர்களது மாநாட்டில், பார்வையும் கேட்கும் திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் உரையாற்றி, பார்வையற்றோருக்காகப் பணியாற்றுமாறு கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் நலம் அவர்களுடைய முதன்மையான பணிகளுள் ஒன்றாகவே தொடர்கிறது என்று ஒருங்கிணைப்பாளர் விளக்கினார். எந்தச் சங்கம் எதில் பழக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்து கேட்பது பாதி வேலையை முடித்துவிடும். முகாமில் பரிசோதித்து, இரண்டு வாரத்துக்குள் கண்ணாடி கொடுத்தார்கள். அதை அணிந்துகொண்டு வெளியே வந்தவன் எதிரே இருந்த மரத்தைப் பார்த்து, “இலையெல்லாம் தனித்தனியாகத் தெரிகிறதே, அம்மா” என்றான். அத்தனை நாள் அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

கணவருக்கான விண்ணப்பம் அவ்வளவு எளிதாக இல்லை. சக்கர நாற்காலியும் நடைச் சட்டமும் ஒரு சங்கத்தின் கருவிக் கிடங்கிலிருந்து இரவலாகவே கிடைத்தன. பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். மூன்று மாத இயன்முறை சிகிச்சைக்கான செலவுக்குத்தான் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஒருங்கிணைப்பாளர் சொன்னபடி ஒரே பக்கத்தில் எழுதினேன்: தேவை எது, எத்தனை மாதத்துக்கு, சிகிச்சை நிலையம் எழுதிக் கொடுத்த செலவு மதிப்பீடு எவ்வளவு, அதில் எங்களால் கொடுக்கக்கூடிய பங்கு எவ்வளவு. மருத்துவரின் குறிப்பு, வேலையிழப்புக்கான சான்று, மையத்தின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை இணைத்தேன். எங்கள் பங்கு மிகச் சிறியது என்பதால் அதை எழுதக் கூச்சமாக இருந்தது. “சிறியதாக இருந்தாலும் எழுதுங்கள். குடும்பமும் தோள் கொடுக்கிறது என்பதைச் செயற்குழு பார்க்க வேண்டும்” என்றார் அவர்.

பணம் எங்கள் கைக்கு வராது, நேராகச் சிகிச்சை நிலையத்துக்கே போகும் என்று கேட்டபோது, எங்களை நம்பவில்லையோ என்று வருந்தினேன். சங்கத்தின் பொருளாளர் பின்னர் அதை விளக்கினார். பொதுமக்களிடம் திரட்டும் நிதியை ஒரு கணக்கிலும், உறுப்பினர்களின் சந்தாவில் நடக்கும் நிர்வாகச் செலவை வேறொரு கணக்கிலும் வைக்கிறார்கள். முதல் கணக்கிலிருந்து போகும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது காட்டியாக வேண்டும். கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமை அது. அதைக் கேட்டபின் என் வருத்தம் நீங்கிவிட்டது.

வீட்டைப் பார்க்க வருவார்கள் என்பது எனக்கு எல்லாவற்றையும்விட அச்சமாக இருந்தது. எங்கள் நிலையைச் சோதிக்க வருகிறார்கள் என்றே எண்ணினேன். ஒரு பெரியவரும் ஒரு பெண் உறுப்பினரும் வந்தார்கள். பெரியவர் நாற்காலியைக் கணவரின் படுக்கைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னிடம் எதுவும் கேட்காமல் அவரிடமே பேசினார். எந்த வேலையில் இருந்தார், எந்தக் கருவிகளைக் கையாளத் தெரியும், குணமான பிறகு உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போக விருப்பமா என்றெல்லாம் கேட்டார். விபத்துக்குப் பிறகு என் கணவரிடம் வந்தவர்கள் எல்லோரும் அவருடைய வலியைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தார்கள். அன்று அவர் தம் தொழிலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்த அம்மையார் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய், இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன், என் உடம்பை யாரிடமாவது காட்டினேனா என்று கேட்டார். ஓர் ஆணிடம் நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். இந்தச் சங்கங்கள் நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தவை. லயன்ஸ், கிவானிஸ் ஆகியவை 1987இலும், ரோட்டரி 1989இலும்தான் உலகளவில் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க விதிகளை மாற்றின. அந்த மாற்றம் வராமல் போயிருந்தால் எங்கள் வீட்டுச் சமையலறையில் அந்த உரையாடல் நடந்திருக்காது.

புகைப்படம் பற்றி ஒரு வார்த்தை. நன்கொடையாளர்களுக்குக் காட்ட உதவி வழங்கும் படம் எடுப்பது பல சங்கங்களின் வழக்கம். பிள்ளைகளின் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது என்று நான் ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் அதைப் பரிந்துரைக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதிவிட்டார். வந்தவர்கள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள். உதவி தேவைப்படுகிறவர் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. முன்கூட்டியே, எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் வந்துபோனது ஜூன் மாத நடுவில். அதன்பின் ஐந்து வாரங்கள் எந்தத் தகவலும் இல்லை. விசாரித்தபோது, என் விண்ணப்பமே அவர்களிடம் இல்லை என்று தெரிந்தது. காரணம் எளியது, ஆனால் எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால் இத்தனை கவலைப்பட்டிருக்க மாட்டேன். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களில் ஆண்டு என்பது ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது, கிவானிஸ் சங்கங்களில் அது அக்டோபர் 1இல் தொடங்குகிறது. ஆண்டு மாறும்போது தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் மாறுகிறார்கள். எங்களுக்கு உதவ முன்வந்த சங்கத்தில் பழைய செயலாளர் புதியவரிடம் ஒப்படைத்த கோப்புகளில் என்னுடையது விடுபட்டுப் போயிருந்தது. சிகிச்சை ஐந்து வாரம் தள்ளிப்போனதால் கணவரின் இடது கால் மேலும் இறுகிவிட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். ஒருங்கிணைப்பாளர் எல்லாத் தாள்களின் நகல்களையும் வைத்திருந்தார். அவரே நகல்களை எடுத்துக்கொண்டு மாலைக் கூட்டத்துக்குப் போய்க் கொடுத்தார். புதிய செயலாளர் எங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்ட் மாத முதல் செயற்குழுக் கூட்டத்தில் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, அடுத்த வாரம் சிகிச்சை தொடங்கியது. ஆண்டு முடியும் தறுவாயில் விண்ணப்பிக்கிறவர்கள், அந்த ஆண்டுக்குள்ளேயே முடிவெடுப்பீர்களா என்று கேட்டுக்கொள்வதும், நகல் வைத்துக்கொள்வதும், புதிய பொறுப்பாளரிடம் முதல் வாரத்திலேயே ஒருமுறை பேசிவிடுவதும் மிக அவசியம்.

மாதந்தோறும் குடும்பச் செலவுக்கு ஒரு தொகை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தேன். மறுத்துவிட்டார்கள். அப்போது கடுமையாகத் தோன்றிய அந்த மறுப்பு சரியானது என்றே இப்போது நினைக்கிறேன். ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் மாறும் ஓர் அமைப்பு, முடிவு தெரியாத செலவை ஏற்றுக்கொண்டு நடுவழியில் கைவிட்டால் குடும்பத்தின் நிலை இன்னும் மோசமாகும். அந்தத் தேவை ஒருங்கிணைப்பாளரின் தாளில் மூன்றாவது பக்கத்தில் இருந்தது. வேலையிடத்து விபத்துக்கான இழப்பீட்டைக் கேட்க, மையத்துக்கு வாரம் ஒருமுறை வரும் சட்ட ஆலோசகரிடம் எங்களை அனுப்பினார். அந்த வழக்கு தனிக் கதை.

இத்தனைக்கும் நடுவில் நான் கவனிக்கத் தவறியது என் மகளை. தந்தைக்கு மருந்து கொடுப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, வீட்டைக் கூட்டுவது என்று எல்லாவற்றையும் அவள் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, படிப்பை நிறுத்திவிடலாமா என்று எண்ணத் தொடங்கியிருக்கிறாள். அதை என்னிடம் சொல்லவில்லை. தம்பியை அழைத்துப் போக வரும்போது படிப்பறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவளிடம், சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டிருக்கிறார். அவள் சம்மதித்தாள். வாரத்தில் இரண்டு மாலைகள் என்று தொடங்கியது மூன்றானது. அங்கே சொல்லிக் கொடுப்பதற்காகவே வீட்டில் தன் பாடங்களைப் புரட்டத் தொடங்கினாள். அவளிடம் ‘உனக்கு உதவி வேண்டுமா’ என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுடைய உதவியைக் கேட்டதால் அவள் அந்த இடத்துக்குள் வந்துவிட்டாள்.

வேறொரு சங்கத்தின் ஆதரவில் அதே மையத்தில் ஓர் இன்டராக்ட் குழு கூடுகிறது. ரோட்டரி 1962இல் தொடங்கிய இளையோர் அமைப்பு அது, 12 முதல் 18 வயது வரை சேரலாம். லயன்ஸ் சங்கத்தாரின் லியோ குழுக்கள் அதற்கும் முன்பே 1957இல் தோன்றியவை, அவற்றில் 30 வயது வரை இடமுண்டு. படிப்பறையில் பழகிய தோழிகள் வழியாக மகள் இன்டராக்ட் குழுவில் சேர்ந்தாள். சந்தா கட்ட முடியாதே என்று தயங்கினேன், ஆதரவளிக்கும் சங்கமே அதைப் பார்த்துக்கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது இரண்டு பணிகளை அவர்களே திட்டமிட்டுச் செய்ய வேண்டும். ஒன்று தங்கள் பள்ளிக்கோ சுற்றுவட்டாரத்துக்கோ உரியது, மற்றது பிற நாட்டு மக்களைப் பற்றிய புரிதலை வளர்ப்பது. முதல் ஆண்டில், முகாமில் கண்ணாடி பெற்ற பிள்ளைகளை மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்து, அதை அணிகிறார்களா, உடைந்திருக்கிறதா, பவர் பொருந்துகிறதா என்று கேட்டு எழுதும் பணியை என் மகள் முன்வைத்தாள். கண்ணாடியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது என்பது அவளுடைய வாதம். பெரியவர்களின் சங்கம் அந்தப் பட்டியலை வாங்கி, உடைந்தவற்றை மாற்றிக் கொடுத்தது. பெரிய நிகழ்ச்சிகளையும் மேடைகளையும்விட, இத்தகைய பின்தொடரும் வேலையே குடும்பங்களுக்கு உண்மையில் பயன்படுகிறது என்பது என் உறுதியான கருத்து.

கணவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வீட்டைப் பார்க்க வந்த பெரியவர் சொல்லிவைத்த ஒரு பட்டறையில் உட்கார்ந்தபடி கருவிகளைப் பழுது பார்க்கிறார். சக்கர நாற்காலியையும் நடைச் சட்டத்தையும் துடைத்து, தளர்ந்திருந்த இரண்டு திருகுகளை அவரே முறுக்கி, கிடங்கில் கொண்டுபோய் ஒப்படைத்தோம். அவற்றைப் பெற அடுத்த குடும்பம் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தது.

நான் சனிக்கிழமை மாலைகளில் மையத்தில் விண்ணப்பம் எழுதுகிறவர்களோடு உட்காருகிறேன். ஜூன் மாதக் கடைசி வாரத்தில், நிலுவையில் உள்ள ஒவ்வொரு விண்ணப்பத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு, பழைய செயலாளரையும் புதிய செயலாளரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒவ்வொரு பெயராகப் படித்துக் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. சென்ற ஆண்டு பதினோரு பெயர்கள் இருந்தன. பதினொன்றும் ஜூலை மாதக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன.