பழைய ஹைலக்ஸின் மூன்றாவது சிலிண்டர்

எங்கள் முற்றத்தில் நிற்கும் ரொயோட்டா ஹைலக்ஸ் 1990ஆம் ஆண்டில் உற்பத்தியான சிங்கிள் கப் (ஒரே வரிசை இருக்கையுள்ள) வாகனம். அதில் இருப்பது 2எல் எனப்படும் 2.4 லீற்றர் டீசல் இயந்திரம். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளத்துக்கும், அங்கிருந்து ஏ9 வழியாகக் கிளிநொச்சிக்கும், நெல்லும் பூசணிக்காயும் உரமுமாக ஏற்றி இறக்கியே அதன் காலம் கழிகிறது. கடந்த மார்கழியில் ஒரு விடியற்காலை ஸ்டார்ட் செய்தபோது அது மூன்று காலில் நொண்டும் மாட்டைப் போல உதறத் தொடங்கியது. சைலன்சரிலிருந்து வெண்புகை கிளம்பி முற்றம் முழுவதும் பரவியது. இரண்டு மூன்று நிமிடங்களில் உதறல் அடங்கிவிட்டதால் குளிர்தான் காரணம் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆனால் ஒரு வாரத்துக்குள், இயந்திரம் நன்றாகச் சூடேறிய பின்னும் அதே நொண்டல் தொடர்ந்தது.

எங்கள் பக்கத்தில் இதை "மிஸ் பண்ணுது" என்பார்கள். பெற்றோல் வாகனமாக இருந்தால் பிளக், கொயில், வயர் என்று தீப்பொறியின் வழியே தேடிப் போகலாம். டீசல் இயந்திரத்தில் தீப்பொறியே இல்லை. சிலிண்டருக்குள் ஏறத்தாழ 22 மடங்கு அமுக்கப்படும் காற்று கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில், நொஸில் பனிப்புகார் போலத் தெளிக்கும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால், ஒன்றில் அங்கே டீசல் சரியாகத் தெளிக்கப்படவில்லை, அல்லது காற்று போதிய அளவு அமுக்கப்படவில்லை என்றே முதலில் எண்ண வேண்டும்.

நான் அப்படி எண்ணவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வழக்கமாகக் கொண்டுபோகும் கராஜில் புகையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "தம்பி, குளோ பிளக் போயிட்டுது, நாலையும் மாத்தினால் சரி" என்றார்கள். மாற்றினோம். பணம் போனது, நொண்டல் போகவில்லை. குளோ பிளக் குளிர்ந்த இயந்திரம் பற்றிக்கொள்வதற்கு உதவும் பொருள். சூடேறிய பின்னும் தொடரும் நொண்டலுக்கு அது பொறுப்பாக முடியாது என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. கழற்றிய பழைய பிளக்குகளை மீற்றரில் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் மின்சாரம் ஓடியது.

அதன் பிறகு காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். இந்த இயந்திரம் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகிறது. ஐடிலில், அதாவது அக்சிலரேற்றரை மிதிக்காமல் ஓடவிடும்போது, நிமிடத்துக்கு 700 சுற்று என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வீதம் ஒவ்வொரு சிலிண்டரும் 350 தடவை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய ஆறு தடவை எரிய வேண்டும். டீசல் பாதையில் காற்று புகுந்திருந்தால் தாளம் ஒழுங்கில்லாமல் தடுமாறும். ஒரு கணம் நன்றாக ஓடி, அடுத்த கணம் அணையப் பார்க்கும். எங்கள் வாகனத்தின் நொண்டலோ வேகமானதாகவும் ஒரே சீரானதாகவும் இருந்தது. அப்படிச் சீராக விடுபடும் தாளம் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரையே சுட்டிக்காட்டுகிறது. இருந்தாலும் ஐயம் தீர, பில்டருக்கும் பம்புக்கும் இடையில் உள்ள குழாயைக் கழற்றி, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தி ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு குமிழியும் வரவில்லை.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு 17ஆம் ஸ்பனரும் ஒரு பழந்துணியும் போதும். இயந்திரம் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது, நொஸிலுக்கு வரும் இரும்புக் குழாயின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினால், அந்தச் சிலிண்டருக்குப் போக வேண்டிய டீசல் வெளியே கசிந்துவிடும். வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டராக இருந்தால் சத்தம் உடனே மாறி, இயந்திரம் இன்னும் மோசமாக உதறும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டராக இருந்தால் ஒரு மாற்றமும் தெரியாது. றேடியேற்றர்ப் பக்கத்திலிருந்து எண்ணி முதலாவதைத் தளர்த்தினேன், உதறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தியபோது நட்டைத் தளர்த்தவே இல்லையோ என்று நினைக்கும் அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான்காவதில் மீண்டும் உதறல். இந்தச் சோதனையின்போது நட்டுக்கு மேலே துணியைப் போட்டுக்கொள்ள வேண்டும்; கசியும் இடத்தில் விரலை வைக்கவே கூடாது. உயர் அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்தக் காயம் வெளியே ஊசி குத்தியதைப் போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயமாகும்.

மூன்றாவது சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. குற்றம் நொஸிலிலா சிலிண்டரிலா என்று பிரித்தறிய, முதலாவது நொஸிலையும் மூன்றாவது நொஸிலையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினேன். இதற்கு 27ஆம் ஆழமான சொக்கட் தேவை. நொஸிலுக்கு அடியில் இருக்கும் வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும். பழையவற்றையே திரும்பப் போட்டால் அங்கே அமுக்கம் கசிந்து, ஒரு நோயைத் தேடப்போய் இன்னொரு நோயை உண்டாக்கிவிடுவோம். மீண்டும் ஓடவிட்டு நட்டுகளைத் தளர்த்தியபோது, நொண்டல் முதலாவது சிலிண்டருக்கு இடம்பெயர்ந்திருந்தது. சென்ற வாரம் வாங்கிய குளோ பிளக்குகளின் விலையை நினைத்துக்கொண்டே அந்த நொஸிலைக் கழற்றினேன்.

டீசல் பம்பும் நொஸிலும் சோதிக்கும் கடைக்கு நான்கையும் கொண்டுபோனேன். கைநெம்புகோலும் அழுத்தமானியும் உள்ள மேசையில் பூட்டி அடித்துக் காட்டினார்கள். மூன்று நொஸில்கள் கூம்பு வடிவில் மென்மையாகத் தெளித்தன. குற்றமுள்ளது பக்கவாட்டில் ஒரு நூலைப் போலப் பாய்ச்சிவிட்டு, நுனியில் சொட்டுச் சொட்டாக வடித்தது. உள்ளே ஊசியில் பழுப்பு நிறத் துரு. "தண்ணி போயிருக்கு அண்ணை, டீசலை எங்கை வைச்சனீங்கள்?" என்று கடைப் பையன் கேட்டான்.

எங்கே வைத்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அனுபவத்தின் பிறகு, எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் முறை வந்து நிலைமை சீரான பின்னும், எங்கள் வீட்டில் இரண்டு மூன்று கான்களில் டீசல் சேமித்து வைக்கும் பழக்கம் விடவில்லை. பாதி நிரம்பிய கானுக்குள் பகலில் சூடாகி இரவில் குளிரும் காற்று, மாரி காலத்தில் தன் ஈரத்தைச் சுவரில் வியர்வையாக விடுகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்குகிறது. கடைசிச் சொட்டு வரை கவிழ்த்து ஊற்றுபவன் அதையும் சேர்த்தே ஊற்றுகிறான். இப்படி வரும் தண்ணீரைப் பிடித்துவைக்கத்தான் பில்டரின் அடியில் ஒரு கிண்ணமும், நிரம்பினால் விளக்கெரிய வைக்கும் சென்சரும் இருக்கின்றன. எங்கள் வாகனத்தில் அந்தச் சென்சரின் வயரை யாரோ எப்போதோ கழற்றி நாடாவால் சுற்றி வைத்திருந்தார்கள். விளக்கு எரியாததை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிண்ணத்தைத் திறந்தபோது அரைப் போத்தல் அளவுக்குக் கலங்கல் தண்ணீர் வந்தது.

இடையில் ஒருவர், தொட்டிக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் நொஸில் தானாகக் கழுவுப்பட்டுவிடும் என்று சொன்னார். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது கார்புறேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயிலேயே கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டிய ஊரில் இந்த யோசனை வருவது இயல்புதான். ஆனால் அவை பெற்றோல் இயந்திரங்கள். இந்த டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது. மண்ணெண்ணெயின் மசகுத்தன்மை குறைவு. நொஸிலைக் காப்பாற்றப்போய்ப் பம்பைப் பலிகொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

குற்றமுள்ள நொஸிலின் நுனியைப் புதிதாக மாற்றி, மற்ற மூன்றின் திறக்கும் அழுத்தத்தையும் அதனுடன் ஒன்றுபோல அமைத்துத் தந்தார்கள். தொட்டியை வடித்து, பில்டரை மாற்றி, கைப்பம்பால் டீசலை ஏற்றி ஸ்டார்ட் செய்தபோது புகையும் இல்லை, நொண்டலும் இல்லை. சென்சர் வயரையும் மீண்டும் பூட்டிவிட்டேன்.

குளோ பிளக் துளைகள் வழியாக அமுக்கத்தையும் அளந்து பார்த்தேன். இதற்கு டீசலுக்குரிய மானியே வேண்டும். பெற்றோல் இயந்திரத்துக்கான மானி இந்த அழுத்தத்தைத் தாங்காது. சதுர சென்ரிமீற்றருக்கு 20 கிலோவுக்குக் குறையக் கூடாது, சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் 5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது இந்த இயந்திரத்துக்கான கணக்கு. கிடைத்தவை 27, 28, 23, 27. மூன்றாவது சிலிண்டர் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. வால்வு இடைவெளி குறைந்திருக்கலாம், பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கலாம். காலபோக நெல் வீடு வந்து சேர்ந்த பின், முதலில் வால்வு இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும்.