எட்டாவது கிலோமீட்டரில் சொன்னது

நான் பயிற்சி கொடுத்த அந்த அக்காவை, சென்னையில் நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தின் நடுவே நிறுத்தியது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். நிறுத்திய கையோடு நான் சொன்ன ஒரு வாக்கியம்தான் இரண்டு ஆண்டுகளாக மனத்தை விட்டு இறங்க மறுக்கிறது. குயின் மேரிஸ் கல்லூரிக்கு எதிரே, எட்டாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டிச் சில அடிகளில், "இன்னும் ரெண்டே கிலோமீட்டர் தம்பி, விட்டுடுங்க" என்று அவர் கெஞ்சியபோது, "அக்கா, நீங்க முடிச்சாலும் முடிக்காட்டாலும் பணம் போய்ச் சேர்ந்தாச்சு, கவலைப்படாதீங்க" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன், அதில் பொய்யும் இல்லை. புற்றுநோயுற்ற குழந்தைகளின் சிகிச்சைக்காக அவர் திரட்டிய தொகை, ஓட்டத்துக்கு நான்கு நாள் முன்பே அதற்கான தொண்டு அமைப்பின் கணக்கில் ஏறியிருந்தது. அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அப்போ இந்த மூணு மாசம் எதுக்கு தம்பி?" என்றார். பிறகு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நிறுத்தியதற்கான காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு நானே அவற்றைத்தான் அதிகம் சொல்லிக்கொள்கிறேன். கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் திரும்பி வரும்போதே அவருடைய கால்கள் நேர்கோட்டில் விழவில்லை. அதுவரை என்னோடு பேசிக்கொண்டே வந்தவர், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தொடங்கினார். பிப் எண், அதாவது சட்டையில் குத்தியிருந்த ஓட்ட எண், என்ன என்று கேட்டதற்குக் குனிந்து பார்த்துப் படித்தார். என்ன கிழமை என்று கேட்டதற்கு, சற்றுத் தாமதித்து, "ஞாயிறு" என்று சரியாகவே சொன்னார். அந்தத் தாமதம்தான் என்னைப் பயமுறுத்தியது. செப்டம்பர் மாதத்துக் காலை, காற்றே இல்லை, வலப்பக்கம் கடலுக்கு மேல் வெயில் ஏறிவிட்டிருந்தது. சென்னையில் விடியற்காலை குளிர்ச்சியானது என்று புதிதாக ஓட வருபவர்கள் நம்புகிறார்கள். ஆனால் ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் வெறுமனே வழிந்துபோகிறது, உடல் குளிர்வதற்கான வழி அடைபட்டுவிடுகிறது. ஓடும்போது வரும் வெப்பத்தாக்கில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வியர்வை நின்றுவிடும் என்று பலர் நினைப்பதற்கு மாறாகப் பெரும்பாலும் கொட்டிக்கொண்டுதான் இருக்கும். முதலில் தடுமாறுவது புத்திதான். எனவே பேச்சைத்தான் கவனிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், நானும் அதைத்தான் கவனித்தேன்.

மருத்துவக் கூடாரத்தில் அவர் கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். கக்கத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்ததில் சாதாரணக் காய்ச்சல் அளவுக்குக்கூட வெப்பம் இல்லை. "களைப்புதான், வேறொன்றுமில்லை" என்றார் அங்கிருந்த இளம் மருத்துவர். அதைக் கேட்டபோது அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் மனத்துக்குள் ஒரு பதில் வைத்திருக்கிறேன்: கக்கத்திலும் நெற்றியிலும் எடுக்கும் அளவு ஓடி முடித்த உடம்பின் உள்வெப்பத்தைக் காட்டாது, அதற்கு ஆசனவாய் வழியாக அளக்க வேண்டும், அந்தக் கூடாரத்தில் அதற்கான ஏற்பாடு இல்லை. ஆகவே அந்த எண் என் முடிவு தவறு என்று நிரூபிக்கவில்லை. சரி என்றும் நிரூபிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் தவறாமல் குடியுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான், அவரும் அப்படியே குடித்திருந்தார். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் என்னும் உப்புச்சத்து குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடிப்பதும், சாலையில் நெடுநேரம் இருப்பதும் அதற்கான காரணங்களில் முக்கியமானவை. மெதுவாக ஓடுபவர்களே இதில் அதிகம் சிக்குவார்கள், தடுமாற்றமும் ஏறத்தாழ இதே போலத்தான் இருக்கும். அன்று அவருக்கு வந்தது வெப்பமா, தண்ணீரா, வெறும் களைப்பா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அதற்கு முந்தைய ஆண்டு, இதே சாலையில், இவரைவிட மோசமாகத் தள்ளாடிய ஒருவரை நான் நிறுத்தவில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர், பெரிய பதவியில் இருந்தவர். "ஐ ஆம் ஃபைன்" என்று கையை உயர்த்தினார், நான் விலகிக்கொண்டேன். அவர் ஓடி முடித்தார், நலமாக இருக்கிறார், இன்றும் நன்றி சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்புகிறார். ஓராண்டில் அனுபவம் கூடியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த மனிதரின் தோளை என்னால் பிடித்து நிறுத்தியிருக்க முடியுமா என்று கேட்டால் முடியாது என்றுதான் தோன்றுகிறது. இவருடைய தோளைப் பிடிக்க எனக்கு எந்தத் தயக்கமும் வரவில்லை. அது அக்கறை மட்டும்தானா என்ற இடத்தில் என் நியாயங்கள் வலுவிழக்கின்றன.

ஆனாலும் நிறுத்தியதைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் கேட்டது அந்த மூன்று மாதத்தைப் பற்றி.

அந்த ஓட்டத்துக்குப் பன்னிரண்டு வாரங்களுக்கு முன் எலியட்ஸ் கடற்கரைக்கு அவர் வந்தபோது, ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதையே ஆறு முறைக்கு மேல் செய்ய முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயது, பள்ளியில்கூட ஓடியதில்லை என்றார். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன்; அவர் தம் தங்கை மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓடப் பழகினார். இரத்தப் புற்றுநோயில் ஒன்பது வயதில் போன பிள்ளை. நான்காவது வாரத்தில் முழங்கால் வலி வந்தது, தூரத்தைக் குறைத்தோம். எட்டாவது வாரத்தில் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர். அதற்கிடையே அடுக்ககத்தில் வீடு வீடாகப் போய், வங்கியில் உடன் வேலை செய்தவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் பேசி, "நான் பத்துக் கிலோமீட்டர் ஓடப்போகிறேன், நீங்கள் குழந்தைகளுக்குக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். கேட்பதுதான் ஓடுவதைவிடக் கடினம் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

முதல் வகுப்பில் நான் எப்போதும் டெர்ரி ஃபாக்ஸின் கதையைச் சொல்வேன். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த அந்த இளைஞர் 1980 ஏப்ரலில் கனடாவின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கி, செயற்கைக் காலோடு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம் வீதம் 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். உங்கள் ஒவ்வொரு அடிக்கும் மதிப்பு உண்டு என்று அந்தக் கதையின் முடிவில் சொல்வது என் வழக்கம். அவர் மேற்குக் கரையை எட்டவில்லை, புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே நகருக்கு அருகே நின்றார், 1981 பிப்ரவரிக்குள் சேர்ந்த 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையில் பெரும்பகுதி அவர் நின்ற பிறகு வந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வகுப்பில் பல முறை சொன்ன செய்திதான். சொல்ல வேண்டிய அந்த ஒரு காலையில் அது என் நாவுக்கு வரவில்லை. பணம் போய்ச் சேர்ந்த கணக்குதான் வந்தது.

மூன்று வாரம் கழித்து அவரே அழைத்தார். கொடுத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் எட்டுக் கிலோமீட்டரோடு நின்றுவிட்டதைச் சொல்லியிருக்கிறார். "எல்லாரும் ஒரே பதில்தான் தம்பி. அதனால என்ன, பணம் கட்டியாச்சேன்னு சொல்றாங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எதற்காகக் கேட்கிறேன் என்று விளக்க வேண்டியிருக்குமே என்று முழங்காலைப் பற்றி விசாரித்தேன்.

அவர் கேள்விக்கு நான் பல பதில்களை எழுதிப் பார்த்திருக்கிறேன். அவர் ஓடப்போவதாகச் சொல்லாமல் இருந்தால் அந்த வீடுகளின் கதவு திறந்திருக்காது என்பது ஒன்று. அது உண்மை, ஆனால் அதுவும் பணக் கணக்குதான். உடல்நலம், தன்னம்பிக்கை என்று எங்கள் துறையில் வழக்கமாகச் சொல்பவை இன்னும் மோசம். அவர் தம் உடல்நலத்துக்காக ஓட வரவில்லை. அந்தப் பிள்ளைக்குச் செய்ய முடியாமல் போன ஏதோ ஒன்றை, தம் உடம்பு வலிக்க, ஒரு முழுத் தூரமாகச் செய்து முடிக்க வந்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். இதுவும் என் ஊகம்தான். அவரிடம் நான் கேட்டதில்லை. அப்படியென்றால் அந்த இரண்டு கிலோமீட்டரை நடந்தே கடக்க விட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உடன் போயிருக்கலாமே என்று சில இரவுகளில் தோன்றுகிறது. காலையில், புத்தி தடுமாறுகிறவரை வெயிலில் இருபது நிமிடத்துக்கு மேல் நடத்திச் செல்வது பயிற்றுநர் செய்கிற காரியமா என்று நானே என்னைக் கண்டிக்கிறேன்.

இப்போது ஓட்டத்துக்கு முந்தைய நாள் எல்லோரையும் உட்காரவைத்து, நான் நில் என்றால் நிற்க வேண்டும், யாராக இருந்தாலும், என்று ஒப்புக்கொள்ள வைக்கிறேன். இந்த ஆண்டு விவேகானந்தர் இல்லத்துக்கு அருகே ஒரு கல்லூரி மாணவனை நிறுத்த வேண்டி வந்தது. அவன் அழுதான். தோளில் கை வைத்து, "பணம்..." என்று தொடங்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டேன். "என்ன சார்?" என்று கேட்டான். ஒன்றுமில்லை, நிழலில் வந்து உட்கார் என்றேன்.